அப்பா பல்லி, அம்மா பல்லி

பாறை சுரண்டும் ஊசியை வைத்துவிட்டு அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அருங்காட்சியகத்தில் எல்லோருக்கும் அவள் ‘எலும்பம்மா’. மாதக்கணக்கில் அவள் சுரண்டிய பாறை அன்றைக்குத்தான் வாயைத் திறந்தது. திறந்ததும் திறக்காததுமாக அவள் தலையிலேயே கல்லைத் தூக்கிப் போட்டது.

டைனோசர்கள் தலையெடுத்துக்கொண்டிருந்த டிரையாசிக் காலத்துப் பிராணி. இடுப்பெலும்பில் இரண்டு தொடையெலும்புகளும் கழலாமல் இருந்தன. இடது தொடை தட்டை. வலது தொடை ஒடுக்கம், நடுவில் ஒரு மேடு.

இரண்டையும் அவளுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில், தனியாகக் கிடைத்த தட்டை எலும்பைப் புது இனம் என்று அறிவித்துக் கணவன் பெயர் வைத்தான். அடுத்த வருடம் கிடைத்த ஒடுக்கமான எலும்புக்கு, வேறு இனம் என்று அவள் ஒரு பெயர் வைத்தாள். “ரெண்டும் ஒண்ணுதான்” என்று அவன் சொல்லப்போக, தட்டு பறந்தது. அப்பா பல்லி, அம்மா பல்லி என்று மகள் மழலையில் பிரித்தாள். பிறகு வீடும் இரண்டானது. அவன் மட்டும் கருத்தரங்குக்குக் கருத்தரங்கு அதையே சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று வருடமாகத்தான் சத்தமில்லை. தோற்றுவிட்டான் என்று அவள் நினைத்திருந்தாள்.

இப்போது பார்த்தால், ஒரு கால் மல்லாந்தும் மற்றது ஒருக்களித்தும் கிடந்திருக்கிறது. பாறையின் எடை ஒன்றைத் தட்டையாக்கி, மற்றதை ஒடுக்கியிருக்கிறது. வேறு வித்தியாசம் கிடையாது. இரண்டும் ஒரே இனம் என்றால், முதலில் அச்சான அவன் பெயர்தான் நிற்கும். ஆயுளில் அவள் பெயர் வைத்தது அந்த ஒன்றுக்குத்தான், அது போயிற்று.

பிளாஸ்டரைப் பூசிக் கிடங்கில் தள்ளிவிட்டால் யாருக்குத் தெரியும்? கை டப்பா வரைக்கும் போய்விட்டது. சண்டை போடக்கூடத் தெம்பில்லாத அசதியோடு, அவள் அவனுக்கு போன் போட்டாள்.

“பொண்ணுக்கு ஏதாவதா?” என்றான் எடுத்தவுடன்.

“அவ நல்லாத்தான் இருக்கா. என் பல்லிதான் போச்சு.”

விவரம் சொன்னாள். உள்ளுக்குள் குதிக்கிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்ன, வாயில கொழுக்கட்டையா?”

“எனக்குத் தெரியும்,” என்றான். “மூணு வருஷம் முன்னாடி எனக்கும் ஒண்ணு கிடைச்சுது. ரெண்டு காலும் சேர்ந்தே. மூடி வச்சுட்டேன்.”

“ஏன்?”

“உன் நல்ல வருஷத்தையெல்லாம் எடுத்துக்கிட்டேன். இதையும் எடுக்க மனசு வரல.”

அவளுக்குக் கோபம்தான் முந்திக்கொண்டது.

“யாரைக் கேட்டு மூடின? ரெண்டு இனம்னு வர்ற பசங்களுக்கெல்லாம் தப்பாச் சொல்லிட்டு இருந்திருக்கேன். நாளைக்கே அதை வெளிய எடு!”

சொல்லிக்கொண்டே பிளாஸ்டர் டப்பாவைக் காலால் மேசைக்கடியில் தள்ளினாள்.

“கட்டுரை யார் எழுதறது?”

“நான்தான். என் பல்லியை நானே புதைச்சுக்கறேன். உன் பேரையும் போட்டுத் தொலைக்கறேன்.”

“பொண்ணுகிட்ட?”

“நீ சொல்லு. ஜெயிச்சவன் நீதானே.”

“ஜெயிச்ச மாதிரியே இல்ல,” என்றான் அவன்.

போனை வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தாள். அவன் வைத்த பெயரை முதலில் அடித்தாள். அதற்குக் கீழே, ‘செல்லாத பெயர்’ என்று போட்டு, தான் வைத்ததை ஒரு எழுத்துப் பிழையும் வராமல் அடித்தாள்.