காளியண்ணன் வளர்த்த மலைக்காப்பி

ரஞ்சிதம் மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். ஆனால் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் அவள் ஆசையாக வளர்த்ததோ ஐந்து அராபிக்கா காப்பிச் செடிகள். நட்ட நான்காம் வருடம், 1979இல், கிளையெல்லாம் பழுத்துச் சிவந்து நின்றபோது, கீழே கடலோரச் சமவெளியில் இருக்கும் பந்திங்கிலிருந்து அவளுடைய அண்ணன் காளியண்ணன் வந்து இறங்கினான். அவனுக்கு அங்கே சொந்தமாக இரண்டு ஏக்கர் காப்பி. லைபீரிக்கா வகை; ஏணி வைத்துப் பறிக்கிற மரம், கொட்டையும் பெரிசு. அந்தப் பெருமையும் அவனோடு பஸ் ஏறி வந்திருந்தது.

முறத்தில் காய்ந்த கொட்டையைக் கையில் அள்ளிச் சிரித்தான். "என்னா புள்ள, காப்பிக்கொட்டையா, ஆட்டுப் புழுக்கையா?"

"குடிச்சிட்டுப் பேசுங்க லா."

அவள் பழுத்ததாகத் தேடித் தேடிப் பறிப்பதும் அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. "பேன் பாக்கிறியா? எல்லாத்தையும் ஒண்ணா உருவிப்போடு."

"ஒரே கொத்துல காயும் இருக்கு, பழமும் இருக்கு. காயச் சேத்தா புல்லுத் தண்ணி மாதிரி இருக்கும்ணே."

வறுத்து இடித்துக் காப்பி போட்டுக் கொடுத்தாள். மணத்திலேயே காளியண்ணனின் மூக்கு விரிந்தது. "லேசா புளிக்குது," என்று குறை சொன்னான். சொல்லிக்கொண்டே காலி தம்ளரை மறுபடியும் நீட்டினான்.

ஊருக்குக் கிளம்பும்போது, அவள் செடிகளுக்கு அடியில் முளைத்திருந்த பத்து நாற்றைப் பிஸ்கட் டின்னில் எடுத்துக்கொண்டான்.

"ஒங்க ஊரு சூட்டுக்கு இது தாங்காதுண்ணே. குளிர்லயே வளர்ந்தது."

"காப்பிக்காரனுக்கே காப்பி சொல்லித் தர்றியா?"

மறுவருடம் ஒரு கல்யாணத்துக்காக ரஞ்சிதம் பந்திங் போனாள். நாற்றுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவளே தோட்டத்துப் பக்கம் போய்ப் பார்த்தாள். ஒரே ஒரு செடி, வாழை நிழலில், ஈரச் சாக்குக்கு நடுவே நின்றது. அதற்கு மேல் பூப்போட்ட குடை ஒன்று கம்பில் கட்டியிருந்தது.

"மத்த ஒம்போதும்?"

"எலைக்கு அடியில மஞ்சப் பொடி புடிச்சி, எல்லாம் கொட்டிப் போச்சு," என்று காளியண்ணன் வாழை மரத்தைப் பார்த்துச் சொன்னான்.

பின்னால் வந்த அண்ணி சீதாவுக்குப் பொறுக்கவில்லை. "அது என் கொட. நேத்து மழையில நனைஞ்சிக்கிட்டே கடைக்குப் போனேன். கேட்டா, திடீர்னு வெயில் வந்துட்டா செடி என்னா பண்ணும்னு கேக்குறாரு ஒங்கண்ணன்!"

ரஞ்சிதத்துக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு. அண்ணன் முகம் வாடியதைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். "செடி வேணாம்ணே. வருசா வருசம் நான் கொட்டையே அனுப்பிடுறேன். அண்ணிக்குக் கொடையக் குடுத்துடுங்க."

"அதுக்காக, இத இப்படியே விட்டுட முடியுமா?" என்ற காளியண்ணன், வெயில் திரும்பிய பக்கமாகக் குடையைச் சாய்த்துக் கட்டினான்.