காந்தம் ஒட்டாத இடம்

பழைய கார் பார்க்கப் போனால் டெல்பர்ட்டின் சட்டைப் பையில் காந்தம் இருக்கும். பெயின்டுக்கு அடியில் பட்டி பூசி ஒடுக்கை மறைத்திருந்தால், அங்கே காந்தம் ஒட்டாது. ஒஹாயோவில் வெண்டல் விலைக்கு நிறுத்தியிருந்த அறுபத்தொன்பதாம் வருஷத்து எட்டு சிலிண்டர் ஷெவெல் காரில் அதை வைத்து வைத்துப் பார்த்தான். டிரைவர் கதவில் பொத்தென்று விழுந்தது.

"எங்கய்யா இடிச்சீங்க?"

"எங்கயும் இடிக்கலப்பா," என்று வெண்டல் மழுப்பினார்.

வாசலில் நின்ற அவர் மனைவி வெர்னா சிரித்தாள். "நான் உதைச்சது தம்பி. வீடு வாங்க வச்சிருந்த காசுல இத வாங்கிட்டு வந்து நின்னாரே, அன்னிக்கு."

டெல்பர்ட்டுக்குக் கை சும்மா இருக்கவில்லை. மறுபக்கம் போனான். அந்தக் கதவிலும் காந்தம் விழுந்தது.

"அப்ப இது?"

வெர்னாவின் சிரிப்பு நின்றது. "இத விக்கப்போறேன்னு சொன்னாரே, அன்னிக்கு."