மடுல்கெல்லவுக்கு ஏறும் என்று சொன்ன வண்டி

ஸிலோரா கம்பனியின் கண்டி ஷோரூமில் ருஷ்தா வேலைக்குச் சேர்ந்து நாலாவது நாள், முகாமையாளர் ரிஸ்மி ஓர் ஆங்கில விளம்பரத் தாளைக் கொண்டுவந்து அவளுடைய மேசையில் வைத்தார்.

"இத தமிழ்ல எழுதித் தாங்க. தோட்டப் பக்கமெல்லாம் குடுக்கணும்."

கம்பனி விற்றது மின்சார ஓட்டோ. வண்டிகள் இன்னும் கப்பலில் வந்து இறங்கவில்லை. கட்டுகஸ்தோட்டை வீதியில் கண்ணாடி போட்ட அந்த ஷோரூமில் காட்சிக்கென்று ஒரே ஒரு பச்சை வண்டி நின்றது. 'விலை 9,90,000 ரூபா. ஒரு சார்ஜில் 160 கிலோமீற்றர்' என்று தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது. பெற்றோல் ஓட்டோ இருபது லட்சத்தைத் தொட்டிருந்த நேரம் அது. இரண்டு லட்சம் முற்பணம் கட்டினால் மூன்று மாதத்தில் வண்டி என்றார்கள்.

ருஷ்தா அரைமணி நேரத்தில் எழுதி முடித்தாள். தாளின் அடியில் நட்சத்திரக் குறி போட்டுப் பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தன. விலையில் பெட்டரி, வரி, பதிவுச் செலவு அடங்காது என்றது ஒன்று. அந்த 160 கிலோமீற்றர், சமதரையில், சாரதி மட்டும் ஏறி, மணிக்கு இருபத்தைந்து வேகத்தில் ஓட்டிப் பார்த்த கணக்கு என்றது மற்றது.

"சேர், அடியில ரெண்டு வரி ஈக்கு. அதயும் போடவா?"

ரிஸ்மி தாளைத் தூக்கிப் பார்த்தார். "இடம் காணாதே. விடுங்க. இங்கிலிஷ்ல ஈக்குதானே, வெப்சைட்லயும் ஈக்கு. தேவப்பட்டவங்க பார்ப்பாங்க."

அவள் விட்டுவிட்டாள். சர்க்கரை வருத்தத்தில் வாப்பா ஜவாஹிரின் வலது காலை எடுத்து ஒன்றரை வருடமாகியிருந்தது. வத்தேகமவில் இருந்த துணிக்கடையைக் கொடுத்தாயிற்று. சம்பளம் வருகிற ஒரே ஆள் அவள்தான். சேர்ந்து நாலு நாளில் சேரோடு வாதாட அவளுக்குத் தெம்பு இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அது வாதாட வேண்டிய விஷயம் என்றே அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

சுப்பம்மா வந்தது அடுத்த மாதம். மடுல்கெல்லத் தோட்டத்தில் முப்பத்தாறு வருடம் கொழுந்து எடுத்து, ஓய்வுக்குப் பேரை வெட்டிக்கொண்டு, கைக்கு வந்த ஈபிஎப் சேமலாபக் காசோடு மகன் பிரதீஸையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பிரதீஸ் வேறொருவருடைய ஓட்டோவை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தான். வாடகையும் பெற்றோலும் போக மிஞ்சுவது சோற்றுக்கே காணாது. அவன் பச்சை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். சுப்பம்மா ருஷ்தாவின் மேசைக்கு முன்னால் கதிரை நுனியில் உட்கார்ந்து, அந்தத் தமிழ் நோட்டீஸை விரித்துப் பிடித்தாள்.

"மிஸ், எல்லாம் வாசிச்சுட்டோம். ஒன்னே ஒன்னுதான். எங்க பக்கம் ரோட்டு சரியான ஏத்தம். மூணு ஆள வச்சிக்கிட்டு மடுல்கெல்லவுக்கு ஏறுமா?"

ருஷ்தா அந்த வண்டியில் ஒருநாளும் ஏறியதில்லை. ரிஸ்மி கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறும் அம்மா," என்றாள்.

சுப்பம்மா சேலைத் தலைப்பில் சுற்றியிருந்த பொலித்தீன் பையை அவிழ்த்தாள்.

மூன்று மாதம் ஏழு மாதமாயிற்று. வண்டி வரவில்லை, கடிதம் வந்தது. வரியும் டொலரும் கூடியதால் வண்டியின் விலை பதினாறு லட்சத்து நாற்பதாயிரம். பெட்டரி தனி, மாதம் பதினெட்டாயிரம் வாடகை. விருப்பமில்லாதவர்கள் முற்பணத்தில் பாதியை மட்டும் திரும்பப் பெறலாம், அதுவும் ஆறு மாதத்துக்குப் பிறகு.

ஷோரூமில் ஒரே சத்தம். ரிஸ்மி வெளியே வராமல் ருஷ்தாவை முன்னால் விட்டார். ஏச்சையெல்லாம் அவள்தான் வாங்கினாள். தெல்தெனியவிலிருந்து வந்த ஒருவர் ரிசீட்டைக் கசக்கி அவள் முகத்தில் எறிந்தார்.

சுப்பம்மாவும் பிரதீஸும் ஏசவில்லை. சனம் கலையும்வரை சுவரோரம் நின்றார்கள். பிறகு பிரதீஸ் கிட்டே வந்தான்.

"மிஸ், வெல கூடினாக் கூடட்டும். மிச்சத்துக்கு லீசிங் போடுறேன். அம்மா பொட்டியில நகை கொஞ்சம் இருக்கு, அதயும் வைக்கிறோம். பெற்றோல் செலவில்லாம நாளைக்கு நூத்தி அறுபது ஓடினா, ரெண்டு வருசத்துல அடைச்சுப்புடுவேன். நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்."

அவனுடைய கணக்கு முழுதும் அந்த நூற்றி அறுபதின் மேல்தான் நின்றது. ருஷ்தா இரண்டு நாள் பொறுக்கச் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு, பின்பக்கம் வேலையாக இருந்த கணேஸிடம் போனாள். கம்பனியின் ஒரே மெக்கானிக் அவர்.

"கணேஸ் அண்ணன், உண்மையச் சொல்லுங்க. இந்த வண்டி எவ்வளவு ஓடும்?"

கணேஸ் கையைத் துடைத்தார். "டவுனுக்குள்ள எண்பது வரும். ஏத்தத்துக்கு ஏத்திப் பாக்க என்னைய விடலையே தங்கச்சி."

"ஞாயித்துக்கிழம ஏத்திப் பார்ப்போமா?"

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேல போயிரும்."

"தெரியும்."

ஞாயிறு காலை முழுச் சார்ஜோடு கிளம்பினார்கள். ருஷ்தா சொல்லியனுப்பியபடி வத்தேகமச் சந்தியில் காத்து நின்ற சுப்பம்மாவும் பிரதீஸும் பின்னால் ருஷ்தாவோடு ஏறிக்கொண்டார்கள். அங்கே பெட்டரி எழுபத்தெட்டு வீதம் காட்டியது. பிரதீஸ் கணேஸின் தோளுக்கு மேலால் அந்த எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பன்வில வந்தபோது நாற்பத்தொன்பது. அதற்குப் பிறகுதான் உண்மையான ஏற்றம். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு மூன்றாக இறங்கியது. பதினெட்டில் திரையில் ஒரு ஆமைப் படம் வந்தது. வண்டியின் வேகம் ஆள் நடக்கிற அளவுக்குக் குறைந்தது.

"எறங்குங்க, பாரம் கொறஞ்சாத்தான் ஏறும்," என்றார் கணேஸ்.

மூவரும் இறங்கினார்கள். அப்படியும் நூறு யார் தூரத்துக்கு மேல் போகவில்லை. தேயிலைத் தோட்டத்து வடிகானோரமாக அது நின்றுவிட்டது. கண்டியிலிருந்து இருபத்தாறு கிலோமீற்றர் ஓடியிருந்தது. பிரதீஸ் பின்னாலிருந்து கொஞ்ச நேரம் தள்ளினான். பிறகு கையை எடுத்துவிட்டு, ரோட்டோரத்தில் குந்திக்கொண்டான்.

ருஷ்தா கைப்பையிலிருந்து ஆங்கிலத் தாளை எடுத்தாள். அந்த இரண்டு வரியையும் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். "நோட்டீஸ எழுதினது நான்தான். இத விட்டதும் நான்தான்."

பிரதீஸ் தலையை நிமிர்த்தவில்லை. சுப்பம்மா தாளை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்த ஆங்கில எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அன்னைக்கு மேசையில வச்சே சொல்லியிருக்கலாமே புள்ள," என்றாள். லயத்து வீடுகளின் பக்கம் நடந்தாள். மகன் பின்னால் போனான். கணேஸும் ருஷ்தாவும் கொழுந்து லொறி ஒன்றில் கயிறு கட்டி வண்டியை இறக்கினார்கள்.

லீசிங் கடனில் விழாமல் அவர்கள் தப்பினார்கள். ஆனால் கட்டிய காசு கம்பனியிடம் இருந்தது. முற்பணம் கட்டிய முப்பத்தொரு பேரைக் கொண்டு, நுகர்வோர் குறைகளைக் கேட்கும் அரசாங்க அலுவலகத்துக்கு ருஷ்தாவே முறைப்பாடு எழுதுவித்தாள். அன்றோடு அவளுக்கும் கணேஸுக்கும் வேலை போயிற்று.

பாவனையாளர் முறைப்பாட்டு விசாரணைக்கு கம்பனி கொழும்பிலிருந்து ஒரு வழக்கறிஞரை அனுப்பியது. அவர் சத்தம் போடாமல் பேசினார். கம்பனியின் விளம்பரத்தில் எல்லாம் தெளிவாக உண்டு, தமிழ் நோட்டீஸ் கம்பனியின் அனுமதி பெற்றதல்ல, ஓர் ஊழியர் தன் எண்ணத்துக்குச் செய்தது என்றார்.

விசாரணை அதிகாரி கோசலா யாழ்ப்பாணத்துக்காரி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ருஷ்தாவைப் பார்த்தார். "நீர்தானோ இதை எழுதினது?"

"ஓ மிஸ். நான்தான்."

"அந்த ரெண்டு வரியையும் ஆர் விடச் சொன்னது?"

"ரிஸ்மி சேர்."

ரிஸ்மி எதிர்க் கதிரையில் இருந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளை பிறந்தபோது ருஷ்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தவள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அப்படி ஒண்டும் ஞாபகமில்ல," என்றார். அவள் கையில் எழுத்தில் ஒன்றுமில்லை. வாயால் சொன்ன சொல்தானே.

கோசலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆர் எழுதினாலும் உங்கட ஷோரூம் மேசையிலதான் அது இருந்தது. அதை நம்பித்தான் சனம் காசு கட்டினது. முழுக் காசையும் முப்பது நாளுக்குள்ள குடுக்க வேணும்."

வெளியே வந்து சிலர் அழுதார்கள். ஆனால் முப்பதாம் நாள் பிரதீஸ் போய்ப் பார்த்தபோது ஷோரூம் கண்ணாடியில் பழைய பத்திரிகை ஒட்டியிருந்தது. பச்சை வண்டியை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றான் பக்கத்துக் கடைக்காரன். கொழும்பு விலாசத்தில் வேறு கம்பனியின் பலகை தொங்கியது. கையில் இருந்தது உத்தரவுக் கடிதம் மட்டும்தான்.

போகிற போக்கில் கம்பனி ஒரு வேலை செய்திருந்தது. பொய்யாக நோட்டீஸ் தயாரித்து மக்களை ஏமாற்றியதாக ருஷ்தாவின் பேரில் பொலிஸில் முறைப்பாடு. செய்தி வத்தேகம முழுக்கப் பரவியது. அவள் கடைத்தெருவில் நடந்தால் பேச்சு நின்றது.

வாக்குமூலத்துக்கு அழைத்த அன்று, கண்டிப் பொலிஸ் வாசல் வாங்கில் சுப்பம்மா உட்கார்ந்திருந்தாள். முற்பணம் கட்டியவர்களில் சிலரை சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வந்தவள் அவள் ஒருத்தி. பிரதீஸ் கொழும்பில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். பேரை வெட்டிய தோட்டத்திலேயே சுப்பம்மா மறுபடியும், கிலோவுக்கு இவ்வளவு என்று, கைக்காசுக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் மறுபடி கறுத்திருந்தன.

தமிழ் தெரிந்த சார்ஜன்ட் கேட்டார்: "இவங்க உங்கள ஏமாத்தினாங்களா?"

சுப்பம்மா ருஷ்தாவின் பக்கம் திரும்பவில்லை. "வண்டி ஏறும்னு இந்தப் புள்ளதான் சொன்னிச்சு. அதக் கேட்டுத்தான் காசக் கட்டினேன். ஏறாதுன்னு கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டினதும் இந்தப் புள்ளதான். ரெண்டையும் எழுதிக்குங்க ஐயா. காச வாங்கினது கம்பனி. அவங்கள எப்பப் புடிக்கப் போறீங்க?"

சார்ஜன்ட் எழுதி முடித்தார். ருஷ்தாவிடம், "ஒத்துக்கொள்றீங்களா?" என்றார்.

"ஓ சேர். அவங்க சொன்னது எல்லாம் சரி."

வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் என்று தவணைத் திகதி கொடுத்தார்கள். இருவரும் வெளியே வந்தார்கள். இருவருக்கும் ஒரே பஸ்தான். தரிப்பிடத்தில் நாலடி தள்ளி நின்றார்கள். மழை தூறியது. ருஷ்தா குடையை விரித்தாள், நீட்டத் துணிவு வரவில்லை. பன்வில பஸ் நிறைந்து வந்தது. சுப்பம்மாவுக்கு யாரோ இடம் கொடுத்தார்கள். ருஷ்தா கம்பியைப் பிடித்து நின்றாள்.

ருஷ்தா வத்தேகமவில் இறங்கப் போனபோது சுப்பம்மா அவளுடைய கையைத் தட்டினாள்.

"தவண எத்தனாந் தேதி?"

"பதினாலு, அம்மா."

சுப்பம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அன்னைக்குக் கொழுந்து இல்லைன்னா வர்றேன்," என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.