புள்ளி வைக்காத கடிதம்

வில்லாபுரம் வீட்டுச் சுவரில் 'சட்டமன்ற உறுப்பினர் காசிமாயன்' என்ற பலகை இன்னும் தொங்குகிறது. போன தேர்தலில் தோற்ற பிறகு யாரோ அதில் 'முன்னாள்' என்று சேர்த்து எழுதினார்கள். புதுப் பெயிண்ட் பழைய பெயிண்டோடு ஒட்டவில்லை. ஐந்து முறை ஜெயித்தவர். இப்போதெல்லாம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், அது கோயிலுக்குப் போன மனைவி அன்னக்கொடி திரும்பி வரும் சத்தம்தான்.

அன்று வந்தது சுந்தரம்மாள். இருபத்தைந்து வருடம் அவருக்காக வாக்குச்சாவடியில் உட்கார்ந்த வீரணனின் மனைவி.

"ஆஸ்பத்திரியில அவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்கய்யா. இன்னும் நாலஞ்சு நாளாம்."

"என்னம்மா வேணும்?"

"பாதை. வேற ஒண்ணும் வேணாம்."

அவள் மாமியாரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனபோது வயல் சேற்றில் கால் வழுக்கிப் பாடை சரிந்தது. கிராம வரைபடத்தில் அந்த இடம் பாதை. ஆனால் நெல் நிற்கிறது. நட்டவர் ராஜபாண்டி, அன்னக்கொடியின் தம்பி.

சுந்தரம்மாள் மஞ்சள் பையிலிருந்து ஐந்து கடிதங்களை எடுத்துப் பரப்பினாள். ஐந்தும் அவர் கொடுத்தவை, பதவிக்காலத்துக்கு ஒன்றாக. நனையக்கூடாதென்று லேமினேஷன் செய்து வைத்திருந்தாள். காசிமாயன் வாசகத்தைப் படிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் கையெழுத்தின் அடியைத்தான் பார்த்தார். புள்ளி இல்லை.

அது அவரே கண்டுபிடித்த வழி. தினம் இருநூறு பேர் வருவார்கள். யாரும் வெறுங்கையோடு போகக்கூடாது, எல்லா வேலையும் நடக்கவும் கூடாது. கையெழுத்துக்குக் கீழே புள்ளி வைத்தால் நிஜமான கடிதம். அன்று சாயங்காலமே சர்வேயர் சங்கிலியோடு நிற்பார். புள்ளி இல்லாவிட்டால் அது ஆறுதல். எந்த அதிகாரி மாறி வந்தாலும், உதவியாளர் ஜெயபாண்டி நேரில் போய்ப் புள்ளி விஷயத்தைச் சொல்லிவிட்டு வருவான்.

காசிமாயன் கடிதங்களை அடுக்கிக் கொடுத்துவிட்டு எழுந்து சட்டையை மாட்டினார்.

"வா, போவோம்."

காளவாசலில் ஜெயபாண்டியின் அலுவலகம். போன தேர்தலில் ஜெயித்து இப்போது அவன்தான் எம்.எல்.ஏ.

"பெருசு, டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க," என்றான் வாசலில் இருந்தவன். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த ஜெயபாண்டி ஓடிவந்து காலைத் தொட்டான்.

"டேய், நாம எல்லாரும் இவர் போட்ட சோத்துல வளந்தவங்கடா! வாங்கண்ணே. ஒரு போன் போட்டா நான் வந்திருக்க மாட்டேனா?"

விஷயத்தைக் கேட்டான். உடனே தட்டச்சுக்குச் சொன்னான். 'மிக அவசரம்', 'மனிதாபிமான அடிப்படையில்' என்று காரமான வார்த்தைகள். சுந்தரம்மாள் கைகூப்பி நின்றாள். ஜெயபாண்டி கையெழுத்திட்டான். காசிமாயன் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா மேலெழுந்தது. மூடிக்குள் போனது.

"ஜெயபாண்டி, ஒண்ணு விட்டுப்போச்சே."

"எதுவும் விடலையேண்ணே." அவன் அவர் காதருகே குனிந்தான். "ராஜபாண்டி அண்ணே வயல்ல நான் கை வைப்பேனா? நீங்க இம்புட்டு வருசமா காப்பாத்துனது. எனக்குத் தெரியாதா?"

அவன் குரலில் கேலி இல்லை. விசுவாசம்தான் இருந்தது. அவள் கண்ணெதிரே ஒரு சடங்கை நடத்திக் காட்டத்தான் அவர் வந்திருப்பதாக அவன் நம்புகிறான். 'இல்ல தம்பி, இந்தத் தடவை நிசமாவே புள்ளி வை' என்று சொன்னால் போதும். சொன்னால், இரண்டடி தள்ளி நிற்கிறவள் எந்தப் புள்ளி என்று கேட்பாள். பையில் இருக்கும் ஐந்தையும் எடுத்துப் பார்ப்பாள்.

அவர் வாய் திறந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ காபி கொண்டுவந்து வைத்தார்கள்.

"காபி ஆறுதுண்ணே," என்றான் ஜெயபாண்டி.

காசிமாயன் குடித்தார்.

வெளியே வந்ததும் சுந்தரம்மாள் எதிர்க்கடைக்குப் போய்க் கடிதத்தை லேமினேஷன் செய்தாள். கடைக்காரர் நீட்டிய சூடான தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "நீங்களே நேர்ல வந்துட்டீங்கய்யா. இனிமே யாரு மறிப்பா?"

நான்காம் நாள் வீரணன் செத்துப்போனான். அந்த நாலு நாளில் ஒவ்வொரு காலையும் காசிமாயன் போனைக் கையில் எடுத்தார்; ஒவ்வொரு முறையும் ஜெயபாண்டியின் பெயர் வரை விரல் போனது.

மாலையோடு வீரணனின் ஊருக்குப் போனார். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். வயலில் முழங்கால் அளவு சேறு. சர்வேயர் வந்த தடமில்லை. பாடைக்கு முன்னால் வீரணனின் மகன் பீமாராவ், அம்மா கொடுத்தனுப்பிய கடிதத்தோடு நடந்தான். வரப்பில் ராஜபாண்டி நின்றிருந்தார்.

"எம்.எல்.ஏ. லெட்டருண்ணே," என்று நீட்டினான்.

ராஜபாண்டி அதை வாங்கி, வாசகத்தைத் தாண்டி, நேராக அடியைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் நின்ற காசிமாயனைப் பார்த்தார். கடிதத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"லெட்டர் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆபீஸ்ல சொல்லட்டும், நான் மறிக்கவா போறேன்? இன்னைக்கு எப்பவும் போற மாதிரி போயிருங்க. பயிரை மட்டும் பாத்துப் போங்க."

பீமாராவ் கடிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினான். பாடை ஒருபக்கம் சாய்ந்தது. காசிமாயன் வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு முனையைப் பிடிக்கக் கை நீட்டினார்.

"வேணாம்யா, வழுக்கும்," என்றான் பீமாராவ், மரியாதையாக. "நீங்க மேலேயே நில்லுங்க."

அவர் மேலேயே நின்றார்.