சத்தத்துக்கு ஒரு துப்பாக்கி

துப்பாக்கி வாங்குகிற இடத்தில் பொம்பளைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கு வேலை இருந்தது. ஜீவராஜ் நைனார் வீட்டுக் களத்தில் விதைக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைத்துக்கொண்டிருந்தேன். வாங்குவது நைனார் என்றாலும் அதைத் தோளில் வைத்துச் சுடப்போகிறவர் அவர் காட்டுக்குக் காவல் இருக்கிற என் புருஷன் பச்சமுத்து. அப்படிப்பட்ட சாமானை நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

அறுபத்து நாலாம் வருஷம், ஆனி மாதம். செஞ்சி ராஜகிரிக் கோட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் நைனாரின் மல்லாட்டைக் காடு. பகலெல்லாம் பாறை இடுக்கில் படுத்துக்கிடக்கும் காட்டுப்பன்றிகள் இருட்டியதும் இறங்கி, போட்ட விதையை முளைக்குமுன்பே தோண்டித் தின்றுவிடும். தகரம் தட்டினோம், பறை அடித்தோம், பட்டாசு போட்டோம். எல்லாச் சத்தத்துக்கும் பன்றி பழகிவிட்டது. கடைசியில் நைனார் கடலூருக்கு நடையாய் நடந்து, பயிரைக் காக்க என்று ஒரு துப்பாக்கி லைசென்ஸ் வாங்கிவிட்டார்.

ஊரே சிரித்தது. நைனார் ஜைனர். தண்ணீரைக்கூட வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். எறும்புப் புற்றைச் சுற்றிக்கொண்டு ஏர் ஓட்டச் சொல்கிற மனுஷர் துப்பாக்கி வாங்கினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? "சத்தத்துக்குத்தான். உள்ளே ஈய ரவை இல்லாத வெத்துத் தோட்டா. எந்த உசுருக்கும் அதால ஒண்ணும் ஆவாது" என்று அவர் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் புடவை மடிப்பில் மூன்று நிஜத் தோட்டாக்கள் இருந்தன. ரவை போட்டது. முந்தின நாள் எங்கள் கேழ்வரகுப் பானைக்குள் கைவிட்டபோது அகப்பட்டவை. அனந்தபுரத்தில் வேட்டைக்காரர்களோடு சுற்றுகிற தன் பங்காளியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார் என் வீட்டுக்காரர். போன வருஷம் ஒரு ஒற்றைக்கொம்பன் பன்றி அவர் தொடையைக் கிழித்துவிட்டது. மாசக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். இன்றைக்கும் காலை இழுத்துத்தான் நடக்கிறார். அந்தப் பன்றியை அவர் மறக்கவில்லை. தூக்கத்தில்கூட அதைத் திட்டுவார், என்னைத் திட்டுவதைவிட அசிங்கமாக.

"சும்மா ஒரு தைரியத்துக்கு வச்சிருக்கேன், போடமாட்டேன்" என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். தலை என்னுடையது என்பதால் சுலபமாகச் செய்துவிட்டார். நான் தோட்டாவை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். இல்லாவிட்டால் வேறு பானைக்குள் போய்விடும்.

துப்பாக்கிக் கடையின் ஆள் ராஜாராம் காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். நீளப் பெட்டிக்குள் இரண்டு புதுத் துப்பாக்கிகள். வடக்கே ஏதோ ஒரு பட்டறையில் செய்ததாம், எண்ணெய் வாசனைகூடப் போகவில்லை. இரண்டும் ஒரே ஜாடை. பிடிக்கு அடியில் வளைந்த இரும்பு நெம்பு ஒன்று. அதைக் கீழே தள்ளினால் குழல் நடுவில் மடிந்து வாயைத் திறக்கும். தோட்டாவைப் போட்டு மூடினால் நெம்பு தானாக ஏறி இறுக்கிக்கொள்ளும்.

நைனார் கட்டிலில் வெள்ளைத் துண்டை விரித்து இரண்டையும் படுக்க வைத்தார். பொண்ணு பார்க்கப் போனவர்கள்கூட அத்தனை நேரம் பார்க்கமாட்டார்கள். மரமும் இரும்பும் சேருகிற இடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். குழலை வானத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். தோட்டாவின் அடியில் அடிக்கிற குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தி, விசையை அழுத்தினால் விழுகிறதா என்று சோதித்தார். காதோரம் வைத்துக் குலுக்கினார். ஒன்று சும்மா இருந்தது. இன்னொன்று லேசாக டக்கென்றது.

"இன்னா சத்தம் இது?" என்றார்.

"புதுசுல கொஞ்சம் அப்படித்தாங்க இருக்கும்" என்றான் ராஜாராம்.

நைனார் அதோடு விடவில்லை. பழைய காலண்டர் தாளில் ஒரு கீற்றுக் கிழித்து, குழலும் உடம்பும் சேருகிற இடத்தில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தார். முதல் துப்பாக்கி தாளைக் கடித்துக்கொண்டது, இழுத்ததும் கிழிந்தது. இரண்டாவதில் தாள் முழுசாக வெளியே வந்துவிட்டது. மறுபடி வைத்தார், மறுபடியும் வந்தது.

ராஜாராம் முகம் சுருங்கிவிட்டது. நல்ல பையன், மறைக்கவில்லை. "இது லூசாத்தான் இருக்குது நைனாரே. திருப்பி அனுப்பிடறேன். நீங்க அதை எடுத்துக்குங்க."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நல்லதைத்தான் எடுப்பார், என் புருஷன் என்ன கூத்தடித்தாலும் துப்பாக்கி தாங்கும் என்று நினைத்தேன்.

நைனார் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "வெத்துத் தோட்டாவுக்கு இது தாங்குமா?"

"வெத்துக்கு இன்னா, தாராளமா தாங்கும். ரவை போட்டாத்தான் அடி பலமா பின்னால வரும். அப்ப நெம்பு திறந்துக்குமோ என்னமோ, சொல்ல முடியாது."

"அப்ப இதுதான் எனக்கு வேணும்."

ராஜாராம் காதில் சரியாக விழவில்லையோ என்று பார்த்தான். நைனார் நிதானமாகச் சொன்னார்: "நல்ல துப்பாக்கி வூட்டுல இருந்தா என்னிக்காவது ஒரு நாள் கொல்லத் தோணும். எனக்கே தோணும், நாளைக்கு என் பையனுக்குத் தோணும். இதுல கொல்லவே முடியாது. நமக்கு வேண்டியது சத்தம். அதுக்கு இது போதும்."

அவர் மனைவி அனந்தமதியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் சொன்னது அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போனது. நானோ மடியிலிருந்த தோட்டாவைப் புடவையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"பச்சமுத்து, வந்து போட்டுப் பாரு" என்றார் நைனார். என் வீட்டுக்காரர் காலை இழுத்துக்கொண்டு வந்து அந்த லூசுத் துப்பாக்கியை வாங்கினார். வெத்துத் தோட்டாவைப் போட்டு மூடி, தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, ஒரு கண்ணை மூடினார். திறந்திருந்த கண்ணுக்கும் அந்த லூசு மூட்டுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. ஒன்றும் ஆகவில்லை. மறுபடி சுட்டார், மறுபடியும் ஒன்றும் ஆகவில்லை. அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கொல்லத் தோன்றாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு அவர் எங்கே பார்த்தார் தெரியுமா? மலையடிவாரத்துப் புதரை.

கைகழுவக் கிணற்றடிக்குப் போனவரை நான் மறித்துக்கொண்டேன். "இந்தாய்யா, அது வேணாம், இன்னொண்ணுதான் வேணும்னு சொல்லு."

"எதுக்குன்னு கேட்டா இன்னா சொல்றது? ரவை போடப்போறேன்னா?"

"அப்ப போடுவே."

"போடமாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேனே. போடாதபோது உனக்கு இன்னா பயம்?"

மடக்கிவிட்டார். அந்த வாய்க்கு நான் என்றைக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்? நான் தோட்டாவைத் தூக்கிக் கிணற்றில் போடலாம். பங்காளி இன்னும் நாலு கொடுப்பான். நைனாரிடம் சொல்லலாம். சொன்னால் காவல் வேலை போய்விடும். கால் போன ஆளுக்கு இந்தச் செஞ்சியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை வேறு யார் கொடுப்பார்கள்? சொல்லாமலிருந்தால் வேலை இருக்கும். கண் இருக்குமா என்பதுதான் கேள்வி. களத்துக்குத் திரும்பி வந்து மல்லாட்டையை உடைத்தேன். எதைத் தோலில் போட்டேன், எதைப் பருப்பில் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

ராஜாராம் நல்ல துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். நைனார் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

அந்தப் பெட்டி மூடுகிற சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துபோய் மடியை அவிழ்த்து, மூன்று தோட்டாவையும் கட்டிலில் இருந்த வெள்ளைத் துண்டின்மேல் வைத்தேன்.

"இது எங்க வூட்டுல இருந்துது நைனாரே. ரவை போட்டது. அவரு அந்தப் பன்னியைச் சுடாம விடமாட்டாரு. வேலையை விட்டு நிறுத்துங்க, திட்டுங்க, அது உங்க இஷ்டம். ஆனா அந்த லூசை மட்டும் அவரு கையில குடுக்காதீங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

"தாங்கும் நைனாரே" என்றார் அவர். "நல்லாத்தான் இருக்குது துப்பாக்கி. இவ பயந்தாங்கொள்ளி."

அவ்வளவு ஆன பிறகும் அவருக்குத் துப்பாக்கிதான் முக்கியம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

நைனார் ஒரு தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, "தாங்குதா இல்லையான்னு பாத்துடலாம், வண்டியில கட்டு" என்றார். லூசுத் துப்பாக்கியைக் கட்டை வண்டியின் ஏர்க்காலில் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். முன்னால் களத்து மண்மேடு, பின்னால் மாட்டுக்கொட்டகையின் தகரக் கதவு. விசையில் நீளமாக ஒரு தாம்புக்கயிறு. "உடைஞ்சா கடைக்கு யாரு பதில் சொல்றது?" என்று ராஜாராம் பதறினான். "நான் சொல்றேன்" என்றார் நைனார். சொல்லிவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டுபோய் மண்மேட்டில் எறும்பு இருக்கிறதா என்று பார்த்து, மெதுவாகக் கூட்டித் தள்ளிவிட்டு வந்தார். எனக்கு அவர் கையிலிருந்து விளக்குமாற்றைப் பிடுங்கலாம் போலிருந்தது.

ராஜாராம் ரவைத் தோட்டாவைப் போட்டு மூடினான். எல்லோரும் கிணற்றுக்குப் பின்னால் போனோம். நைனாரே கயிற்றை இழுத்தார்.

மண்மேடு புழுதி கிளப்பியது. துப்பாக்கி அப்படியே இருந்தது. நெம்பு அசையவில்லை.

"பாத்தியா?" என்றார் என் வீட்டுக்காரர். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. காட்டிக்கொடுத்ததுதான் மிச்சம். ஒன்றுமில்லாததற்கு என் புருஷனை நாலுபேர் முன்னால் நாறடித்துவிட்டேன்.

"இன்னொண்ணு போடு" என்றார் நைனார்.

இரண்டாவது தடவை சத்தமே வேறு மாதிரி கேட்டது. வண்டி குலுங்கியது, கொட்டகைத் தகரத்தில் ஏதோ அடித்தது, உள்ளே மாடுகள் கதறின. ஓடிப்போய்ப் பார்த்தால் நெம்பு திறந்து தொங்குகிறது. குழல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. தோட்டாவின் பித்தளை அடிப்பாகம் பின்பக்கம் மேல்நோக்கிப் பறந்துபோய்த் தகரக் கதவைப் பொத்தலாக்கியிருந்தது. பொத்தலுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் போய் நின்றார். அது அவர் கண் உயரத்தில் இருந்தது.

நைனார் பெட்டியையும் துப்பாக்கிகளையும் ராஜாராமிடம் திருப்பிக்கொடுத்துவிட்டார். எதுவும் வேண்டாம் என்றார். "காவலுக்கு இனிமே நீ வேணாம் பச்சமுத்து" என்றும் சொன்னார். அதைக் கோபமில்லாமல் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாயிருந்தது. பிறகு, களத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பன்னிக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான் பாத்துப் பாத்து எடுத்தேன்" என்றார். "உன் முகம் எனக்குத் தோணவே இல்லடா."

"எனக்கும் தோணலைங்க" என்றார் என் வீட்டுக்காரர். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவர்கள் இரண்டு பேருக்குமே தோன்றாத அந்த முகத்தை நான் ஒருத்திதான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணில்லாமல், கன்னமில்லாமல். "யோவ், எழுந்திரு, வூட்டுக்குப் போலாம்" என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இரண்டு கண்ணாலும் பார்த்தார். நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.