சுண்டுவிரல் பக்கத்துச் சூடு

ஓட்டுகிற இருக்கையின் முதுகில் கால்களைப் போட்டு, பெடல்களுக்கு நடுவே தலையை விட்டு, அவள் தலைகீழாகக் கிடந்தாள். ஐம்பத்து மூன்று வயதில் செய்கிற காரியம் இல்லைதான். புருஷனுடைய பழைய காக்கிப் பேண்ட்டை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். வாயில் டார்ச், கையில் சாக்பீஸ். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கை வைத்தால் பொறுக்கிற இடத்தில் ஒரு கோடு, பொறுக்காத இடத்தில் இரண்டு கோடு என்று காரின் தரையெல்லாம் கிறுக்கி வைத்திருந்தாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திய பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா, காருக்குப் பேன் பாக்குறீங்களா?”

அவள் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தாள். “ஈரெல்லாம் எடுத்தாச்சு. பேனுதான் சிக்க மாட்டேங்குது.”

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. மறுநாள் பதினொரு மணிக்குக் காரை வாங்க ஆள் வருகிறான். ஏற்பாடு மகளுடையது. மகள் சொன்னதில் தப்பும் இல்லை. போன மாதம் மகளைப் பார்க்கத்தான் அவள் புருஷன் கிரேன்காரர் மூன்று மணி நேரம் இந்தக் காரை ஓட்டிக்கொண்டு போனார். போய் இறங்கிச் செருப்பைக் கழற்றினால், இடது கால் சுண்டுவிரல் பக்கம் தோல் வெந்து பையாகத் தொங்கியது. சர்க்கரை தின்ற கால். வெந்தது அவருக்குத் தெரியவே இல்லை. டாக்டர் விரலை எடுக்கலாமா என்று இரண்டு வாரம் யோசித்து, கடைசியில் விட்டுவைத்தார். மகள் விடவில்லை. காலா காரா, ஒன்றைச் சொல்லுங்கள் என்றுவிட்டாள்.

முப்பது வருஷம் கட்டட வேலையில் கிரேன் ஓட்டியவர் அவர். அறுபதடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், சாப்பாட்டைக்கூடக் கயிற்றில் கட்டி ஏற்றித் தின்றவர். ஓய்வு பெற்றதும், இனிமேல் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்துதான் போவேன் என்று, யாரோ கைவிட்ட, இரண்டு பேர் மட்டும் உட்காருகிற இந்தக் காரை வாங்கிவந்தார். காருக்கே அப்போது இருபத்தெட்டு வயது. சிவப்பு வெளுத்து, பழைய செங்கல் நிறமாகியிருந்தது. கூட வேலை பார்த்தவர்கள் வந்து பார்த்து, பாடைக்கு டயர் போட்ட மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். அவளுக்கு அந்தக் காரைப் பிடிக்காது. ஆனால் மூன்று வாரமாக அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். சோறு வைத்தால் தின்கிறார், மாத்திரை கொடுத்தால் விழுங்குகிறார், வாயைத் திறப்பதில்லை. சண்டை போடாத புருஷனை வைத்துக் குடும்பம் நடத்த அவளுக்குத் தெரியவில்லை.

காரில் இந்தச் சூடு வந்து இரண்டு வருஷம். அவளுடைய தம்பி மெக்கானிக். எஞ்சினைப் பிரித்துச் சேர்த்துக் கொடுத்தவன் அவன்தான். கொடுத்து ஒரு வாரத்தில் உள்ளே அடுப்பு மாதிரி எரியத் தொடங்கியது. கிரேன்காரர் நேராக அவனுடைய ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். “கொண்டாங்க மாமா, என்னன்னு பாத்துரலாம்” என்றான் அவன். நாலு வாடிக்கையாளர் நிற்கும்போது, “ஒருதடவ கெடுத்தது பத்தாதா” என்றார் இவர். அன்றைக்கு நின்றது போக்குவரத்து. தம்பியை அவள் பார்ப்பதெல்லாம் வேலை முடிந்து வரும்போது ஆஸ்பத்திரி வாசலில், ஐந்து நிமிடம், கள்ளக் காதலர்கள் மாதிரி.

அதன் பிறகு வேறு நாலு மெக்கானிக் பார்த்தாயிற்று. ஒருவன் ரேடியேட்டரை மாற்றினான். ஒருவன் ஏசிக்குக் கேஸ் நிரப்பினான். இன்னொருவன் தரை விரிப்புக்குக் கீழே சூடு தடுக்கிற கம்பளி அட்டை ஒட்டினான். நாலாமவன், பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று சொல்லி அதற்கும் காசு வாங்கினான்.

அவள் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். இருபத்தாறு வருஷமாக நீராவிக் குழாய்களோடு பிழைப்பு. அங்கே அவளுக்கு ஆவியக்கா என்று பெயர். ராத்திரியில் புது நர்சுகளிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். சூட்டைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். எந்த இடம் சுடுகிறது என்பதைவிட எது முதலில் சுட்டது என்று பார்க்க வேண்டும். அதைத் தெரிந்துவைத்துக்கொண்டே காலையெல்லாம் புகைக்குழாய்தான் காரணம் என்று அதைக் கட்டி அழுதாள். மணிக்கட்டில் ஒரு சூடு வாங்கியதுதான் மிச்சம். கியர் கம்பியைச் சுற்றிய தோல் கிழிந்திருந்ததைச் சாக்கு ஊசியால் தைத்தாள். சூடு குறையவில்லை. அதன் பிறகுதான் சாக்பீஸ்.

ஐந்து மணிக்குக் கணக்கு தெரிந்தது. புகைக்குழாய்க்கு மேலே இருக்கிற தரை சுட இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. கால் பக்கம் காற்று வருகிற ஓட்டையில் ஏழே நிமிடத்தில் அனல் வீசுகிறது. அதுவும் குமிழைக் குளிர்ச்சிப் பக்கம் திருப்பிவைத்திருக்கும்போது.

மகள் போன் செய்தாள். “அம்மா, அப்பாதான் அப்படின்னா நீயுமா? ஆளு நாளைக்கு வர்றாரும்மா.”

“பதினொரு மணிக்குத்தான வர்றாரு. அதுவரைக்கும் என் நேரம். அதுக்குள்ள ஆகலன்னா நானே சாவிய எடுத்துக் குடுத்துர்றேன்.”

“சத்தியமா?”

“உன்கிட்ட என்னடி சத்தியம். சொன்னா சொன்னதுதான்.”

உள்ளே கட்டிலில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார் கிரேன்காரர். முதுகு அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பானெட்டைத் திறந்தாள். எஞ்சினிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் பின்சுவரைத் துளைத்து உள்ளே போயின. சுடுதண்ணீர் ஒன்றில் போய் ஹீட்டரைச் சுற்றி மற்றதில் திரும்பி வர வேண்டும். ஹீட்டர் மூடியிருந்தால் ஒன்றாவது ஆறிக் கிடக்க வேண்டும். இரண்டும் கை வைக்க முடியாமல் கொதித்தன. சலவைக்கூடத்தில் சந்தேகப்பட்ட குழாயைக் கழுத்தைப் பிடித்து நெரித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அவளும் ஒரு குழாயை இரண்டு மரத்துண்டுக்கு நடுவே வைத்து இறுக்கினாள். கால் பக்கம் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டாள். ஐம்பத்தெட்டு. கால் மணி நேரத்தில் நாற்பது. அப்புறம் முப்பத்தைந்து. பிடியைத் தளர்த்தினாள், மறுபடியும் ஏறியது.

ஹீட்டர். இந்த வெயிலில் யார் ஹீட்டர் போடப்போகிறார்கள் என்று நாலு பேரும் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

குழாயை நெரித்தபடியே விட்டிருக்கலாம். கார் குளிர்ந்திருக்கும். ஆனால் மூடியிருக்க வேண்டிய ஹீட்டர் வால்வு ஏன் திறந்திருக்கிறது என்று தெரியாமல் அவளுக்குக் காலைச் சாப்பாடு இறங்காது. எஞ்சினை நிறுத்தி, குழாயைத் துணியால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு விரலை உள்ளே விட்டாள். டப்பி மாதிரி ஒரு வால்வு. அதன் தலையில் ஒரு சின்ன மூக்கு, எதுவும் மாட்டாமல் வெறுமனே இருந்தது. சலவைக்கூடத்துப் பெரிய இஸ்திரி மெஷினிலும் இப்படி ஒன்று உண்டு. காற்று இழுத்துப் பிடித்திருக்கும்வரை மூடியிருக்கும். காற்று அறுந்தால் தானாகத் திறந்துகொள்ளும். அப்படியென்றால் அந்த மூக்கில் மாட்ட வேண்டிய மெல்லிய குழாய் எங்கே? டார்ச்சை அடித்தாள். பேட்டரிக்கு அடியில் செருகிக் கிடந்தது. வெளியே இழுத்தாள்.

குழாயின் வாயில் ஒரு திருகாணி அடைத்திருந்தது. அது நழுவாமல் இருக்கக் கம்பி. இரண்டு சுற்று, இடது பக்கமாக முறுக்கு, நுனி கையைக் கிழிக்காதபடி உள்பக்கம் மடக்கு.

அவள் அப்படியே பம்பரில் உட்கார்ந்துவிட்டாள். வாசல் கேட்டின் தாழ்ப்பாளில் அந்தக் கட்டுதான் இருந்தது. வாளிப் பிடியில், மூக்குக் கண்ணாடிக் காலில், மகளுடைய பழைய சைக்கிளில், எல்லாவற்றிலும் அதே கட்டு. அறுபதடி உயரத்தில் கொக்கி கழன்றுவிடாமல் கட்டிப் பழகிய கை. உலகத்தில் வேறு யாரும் அப்படி இடது பக்கம் முறுக்குவதில்லை.

மணி பத்தே கால். திருகாணியைச் சாக்கடையில் எறிந்துவிட்டு, ரப்பர் இற்றுப்போயிருந்தது என்று சொல்லலாம். மனுஷன் எழுந்து உட்காருவார். கார் வீட்டில் நிற்கும். தம்பி மட்டும் கெடுத்தவனாகவே இருப்பான், ஆஸ்பத்திரி வாசலில், ஐந்து நிமிடம். அவள் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“எந்திரிங்க.”

“ஆளு வந்துட்டானா?” மூன்று வாரத்தில் முழுசாக வந்த முதல் வாக்கியம்.

“வரல. நீங்க வாங்க.”

“சாவி ஆணியில தொங்குது. எடுத்துக் குடு.”

“சாவியக் கேக்கல, உங்களக் கேக்குறேன். தூக்கிட்டுப் போகணும்னா சொல்லுங்க, கிரேன் கொண்டார்றேன்.”

கட்டுப் போட்ட காலை இழுத்து இழுத்து வந்தார். பானெட் ஓரமாகப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் மெல்லிய குழாயின் நுனியை அவர் மடியில் வைத்தாள்.

“இது யாரு கட்டு?”

அவர் குனிந்து பார்த்தார். “என்னுதுதான். உன் தம்பிகிட்ட இருந்து வண்டி வந்த நாலஞ்சு நாள்ல லேசா கதகதன்னு இருந்துச்சு. நமக்கு எதுக்கு ஹீட்டருன்னு புடுங்கி அடைச்சுவிட்டேன்.” கொஞ்சம் பெருமைகூட இருந்தது குரலில். “மூடிட்டேன்ல?”

“மூடல. தொறந்து விட்டுட்டீங்க. எஞ்சின் உறிஞ்சுற காத்துதான் அத மூடிப் புடிச்சிருக்கு. நீங்க காத்த அடைச்சுட்டீங்க. ரெண்டு வருஷமா ஹீட்டரப் போட்டுட்டுத்தான் ஓட்டிருக்கீங்க.”

அவர் வால்வைப் பார்த்தார், மடியில் கிடந்த கம்பியைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் தன் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுக்கு வெளியே நாலு விரல் தெரிந்தது.

“நாலு மெக்கானிக் பாத்தானுங்களே” என்றார்.

“அஞ்சாவது ஒருத்தன் பாக்குறேன்னுதான் சொன்னான். அவன விரட்டிவிட்டீங்க.”

அவள் குறடை நீட்டினாள்.

“உங்க கட்டு. நீங்களே பிரிங்க.”

மடக்கியிருந்த நுனியை நிமிர்த்தி, வலது பக்கமாகச் சுற்றி, கம்பி உடையாமல் பிரித்தார். திருகாணியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எழுந்து பானெட்டைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று, மெல்லிய குழாயை வால்வின் மூக்கில் அவரே மாட்டினார். அவள் போய்ச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமிப் பிடித்தது. வால்வின் சின்னக் கை ஒரு விரற்கடை உள்ளே இழுத்துக்கொண்டது.

“ஹீட்டர்ல இருந்து திரும்புற தடிக் குழாயப் புடிங்க. இப்ப சுடும். கொஞ்சத்துல கொறையணும்.”

பிடித்தார். முகம் சுளித்தது. கைக்குத் தெரிகிறது.

அவள் தன் போனில் தம்பியின் நம்பரை அழுத்தி, அவருடைய இன்னொரு கையில் வைத்தாள். அவர் அதைப் பாம்பு மாதிரி பார்த்தார், ஆனால் கீழே வைக்கவில்லை. மெதுவாகக் காதுக்குக் கொண்டுபோனார்.

கேட்டில் ஹாரன் கேட்டது. வாங்க வந்தவன் அரைமணி நேரம் முன்னாலேயே வந்து, தாழ்ப்பாளைச் சுற்றியிருந்த கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

“இருங்க” என்று அவள் குரல் கொடுத்தாளே தவிர, போய்த் திறக்கவில்லை.

போனில் அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஒற்றைக் காலில் நின்ற கிரேன்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். குழாய் இன்னும் சூடாகத்தான் இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.