கோடு சார் கையெழுத்துப் போட்ட பத்தி

கோடு சாருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், அவர் முகம் போட்ட டியூஷன் பேனர் தொங்குகிறது. ‘கோடிட்ட இடம் நிரப்புக: முழு மதிப்பெண் எங்கள் பொறுப்பு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிற மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மாடியேறுவார்கள். அவர்களைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காசு கொடுத்து, வரிசையில் நின்று ஏமாறுகிறவர்களை எப்படிப் பாவம் என்பது?

இங்கிலீஷ் பரீட்சையில் ஒரு பத்தி வரும். குட்டிக் கதை மாதிரி இருக்கும். அதில் பத்து இடத்தில் வார்த்தையை எடுத்துவிட்டுக் கோடு போட்டிருப்பார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் நாலு வார்த்தை கீழே கொடுத்திருக்கும். கதையைப் படித்து, புரிந்துகொண்டு, சரியான வார்த்தையைப் போட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் கோடு சார் கண்டுபிடித்த வித்தை வேறு. அதைக் கரும்பலகைக்கு மேலே சுவரிலேயே பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறார்: ‘கதையைப் படிக்காதே. கோட்டைப் பார்.’

“முன்னாடி மூணு வார்த்தை, பின்னாடி மூணு வார்த்தை. நடுவுல கோடு. அது போதும் உனக்கு. கதைக்குள்ள போனே, காணாமப் போயிடுவே!” என்று மேசையைத் தட்டுவார். பிள்ளைகள் தலையாட்டும். அதனால்தான் அவருக்குக் கோடு சார் என்று பெயர். அவர் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கதைகளை எழுதுவது நான். ஆறு வருடமாக அதுதான் என் பிழைப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அட, என்ன பாடுபட்டு எழுதினேன்! கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு காவலாளி, புயலில் போன மகனுக்காகப் பகலிலும் விளக்கை அணைக்காமல் வைத்திருப்பதாக ஒரு பத்தி. வகுப்பில் கொடுத்தார்கள். பென்சில் ஓடியது, பத்துக் கோடும் நிரம்பியது, ஒரு முகத்திலும் ஒரு சுருக்கம் இல்லை. ஒரு பையன் கொட்டாவி விட்டான். கோடு சார் “அடுத்தது!” என்றார்.

பிறகு ஒரு நாள் வெறுத்துப்போய், முதல் வரியில் செத்துப்போன தாத்தாவை நாலாவது வரியில் உட்காரவைத்துச் சாப்பிடச் செய்தேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை. கோடு சார் அதை ‘மாதிரிப் பத்தி’ என்று புத்தகத்தில் சேர்த்து அச்சடித்துவிட்டார். செத்த தாத்தா இன்றைக்கும் அதில் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் எழுதிய எந்தப் பத்தியும் அவர் கையெழுத்து இல்லாமல் நகலெடுக்கப் போகாது. அதற்கென்று ஒரு பச்சைப் பேனாவும் வட்ட முத்திரையும் உண்டு. ‘முழுவதும் படித்துச் சரிபார்த்தேன்’ என்று முத்திரையில் இருக்கும். போனில் யாரிடமாவது இடத்துக்கு வாடகை பேசிக்கொண்டே டப் என்று ஒரு குத்து, பச்சையில் ஒரு கிறுக்கல், தேதி. பேப்பர் தலைகீழாக இருந்தாலும் குத்துவார். நானே ஒரு தடவை தலைகீழாக நீட்டிப் பார்த்திருக்கிறேன்.

போன தை முடிவதற்குள் எனக்கு நகர நூலகத்தில் வேலை கிடைத்தது. பிள்ளைகள் பிரிவில், புத்தகம் எடுத்துக் கொடுத்து, கேட்டால் வாசித்துக் காட்டுகிற வேலை. சம்பளம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் அங்கே வருகிறவர்கள் படிக்க வருகிறார்கள். உத்தரவு கையில் வந்த அன்று நான் அழுதேன் என்று என் தங்கை இன்றும் கேலி செய்கிறாள். வேலையில் சேரும் நாளில் அசல் சான்றிதழ்கள் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்கு இடம் போய்விடும் என்று உத்தரவிலேயே போட்டிருந்தது.

என் சான்றிதழ்கள் கோடு சாருடைய இரும்பு பீரோவுக்குள் இருந்தன. வேலைக்குச் சேரும்போதே எல்லாரிடமும் வாங்கி உள்ளே போட்டுவிடுவார். “பத்திரமா இருக்கும்மா, தீ பிடிச்சாக்கூட ஒண்ணும் ஆகாது.” வேலையை விடுவதானால் ஒரு மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், அதில் அவர் கையெழுத்து இருக்க வேண்டும், அப்போதுதான் திருப்பித் தருவார். இல்லையென்றால் பரீட்சை முடிகிற வரை பீரோ திறக்காது. எனக்கு முன்னால் சேர்ந்த கணக்கு டீச்சர் அப்படித்தான் கிடைத்த வேலையைக் கோட்டைவிட்டு, இன்னும் இங்கேயே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் முதல் கடிதத்தை நீட்டினேன். “வெச்சுட்டுப் போம்மா, பாக்குறேன்” என்று இழுப்பறையில் தள்ளினார். நாலு நாள் கழித்துக் கேட்டால், “எந்தக் கடிதம்?” என்றார். இரண்டாவது கடிதத்தை எட்டாக மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் கொடுத்திருந்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தும், மேசையை ஒரு முறை ஆட்டிப் பார்த்து, திருப்தியாகத் தலையசைத்தார். அந்த மூஞ்சியை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்தேன். தங்கை துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“அக்கா, நீ எழுதிக் குடுக்குற எல்லாத்துலயும் கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடுவாருன்னு சொல்லுவியே?”

“ஆமா. அதுக்கென்ன இப்போ?”

“ராஜினாமாவுக்கு மட்டும் ஏன் போடமாட்டேங்கிறாரு தெரியுமா? அதுல கோடு இல்ல. நாலு கோடு போட்டுக் குடுத்துப் பாரு, டப்புன்னு குத்திடுவாரு.”

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான் அப்படியே அவளைப் பார்த்தேன். “ஏய், சும்மா சொன்னேன்டி அக்கா!” என்று அலறினாள். அதற்குள் நான் பேப்பரை எடுத்துவிட்டேன்.

நான் எழுதிய பத்திகளிலேயே ஒளிவுமறைவு இல்லாதது அதுதான். தமிழில் சொன்னால் இப்படி வரும்: இந்த நிலையத்தில் ஆறு வருடம் வேலை பார்த்த ஆசிரியை நான். நான் எழுதுவதை இங்கே யாரும் படிப்பதில்லை. இன்றிலிருந்து ஒரு மாதம் முடிகிற நாளோடு இந்த வேலையை விட முடிவு செய்திருக்கிறேன். இதுவே என் எழுத்துப்பூர்வமான அறிவிப்பு. நிலையத்தின் தலைவர் தன் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் என் சான்றிதழ்களை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். இதில் அவர் கையெழுத்துப் போட்டால் சம்மதித்தார் என்று பொருள். நான் இனித் திரும்பி வரமாட்டேன். கீழே என் பெயர், தேதி. நடுவில் பத்துக் கோடு.

மறுநாள் நீட்டினேன். போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். டப். பச்சைக் கிறுக்கல். தேதி. தாளை வாங்கிக்கொண்டு நேரே நகலெடுக்கப் போனேன்.

அன்று மாலை வகுப்பு நிரம்பி வழிந்தது. எல்லாரிடமும் தாளைக் கொடுத்துவிட்டுக் கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். யாராவது ஒரு பிள்ளை எழுந்து, ‘சார், இதுல டீச்சர் போறாங்கன்னு போட்டிருக்கு’ என்று சொன்னால் போதும், எல்லாம் போச்சு. கோடு சார் சாக்பீஸை உருட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

“மூணாவது கோடு. முன்னாடி ‘டிசைடட் டூ’ இருக்கு. பின்னாடி ‘திஸ் ஜாப்’ இருக்கு. நடுவுல என்ன வரும்?”

“லீவ்!” என்று கோரஸாகக் கத்தினார்கள்.

“சபாஷ்! ஏழாவது கோடு. ‘மஸ்ட்’ இருக்கு, ‘மை சர்டிஃபிகேட்ஸ்’ இருக்கு. நடுவுல?”

“ரிட்டர்ன்!”

“அப்படிப் போடு! மாட்டேன்னு சொல்ல முடியுமா? முடியாது! மஸ்ட்னா குடுத்தே ஆகணும்!”

பத்துக் கோடும் முடிந்தது. எல்லாருக்கும் முழு மதிப்பெண். கோடு சார் கைதட்டச் சொன்னார், தட்டினார்கள். என் பயமெல்லாம் எங்கேயோ போய், பதிலுக்குக் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை தலைகளில் ஒன்றுகூட நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லையே! எருமைகள். கன்னத்தில் பென்சிலைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எருமைகள். ஆறு வருடம் இவர்களுக்கா எழுதினேன்?

மாதம் முடிந்தது. கடைசி நாள் அவர் அறைக்குப் போனபோது எதிரே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் மகள் எங்களிடம் படிக்கிறாள், எப்போதும் முழு மதிப்பெண். மனிதர் முகம் சரியில்லை. வெளியே பெஞ்சில் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

“சார், என் சான்றிதழ்களைக் கொடுத்துடுங்க. இன்னையோட ஒரு மாசம் முடியுது” என்றேன்.

கோடு சார் கடைக்காரரைப் பார்த்து, பெரிய மனுஷத்தனமாகச் சிரித்தார். “பாருங்க சார், வேலை செய்யறவங்களை வெச்சு மேய்க்கிறது எவ்வளவு கஷ்டம். ஏம்மா, எழுத்துல குடுத்தியா? என் கையெழுத்து இருக்கா? அப்புறம் என்ன?”

கடைக்காரருக்கு என் கதை வேண்டியிருக்கவில்லை. அவர் பிரச்சினையே அவருக்குப் பெரிது. “சார், முதல்ல எனக்குப் பதில் சொல்லுங்க. பள்ளிக்கூடத்துப் பரீட்சையில கோடெல்லாம் சரியாப் போட்டிருக்கா. ஆனா கீழ, இந்தக் கதை என்ன சொல்லுதுன்னு ரெண்டு வரி எழுதச் சொன்னா, பேப்பர் வெறுமையா இருக்கு. இங்க கதையெல்லாம் சொல்லித் தர்றீங்களா இல்லையா? முதல்ல நீங்க அதைப் படிக்கிறீங்களா?”

கோடு சாருக்குச் சுருக்கென்று குத்தியிருக்க வேண்டும். நெஞ்சை நிமிர்த்தினார். “என்ன சார் கேள்வி இது? ஒவ்வொரு பத்தியும், ஒவ்வொரு வரியும் நான் படிச்சு, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டாத்தான் இங்க உள்ளயே வரும். கரைச்சுக் குடிச்சவன் சார் நான்!”

இதைவிட நல்ல நேரம் எனக்கு வராது. பையிலிருந்து தாளை எடுத்துக் கடைக்காரர் முன்னால் வைத்தேன். “இதுவும் சார் படிச்சதுதான். போன மாசம் எல்லாரும் முழு மார்க் வாங்கினது. உங்க பொண்ணும்தான்.”

மனிதர் பைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு வாசித்தார். வாசித்து, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுத் தமிழில் சொன்னார். யாரும் படிப்பதில்லை என்றார். வேலையை விட முடிவு என்றார். பீரோ என்றார். என்னைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார், கடைசியில் பச்சைக் கையெழுத்தைப் பார்த்தார்.

கோடு சார் தாளைப் பிடுங்கினார். அவர் கண் போன போக்கை நான் பார்த்தேன். முதல் கோட்டுக்குப் போயிற்று, அங்கிருந்து இரண்டாவது கோட்டுக்குத் தாவிற்று, மூன்றாவதில் போய் நின்றது. வரியைப் படிக்கத் தெரியாமல் கோடு கோடாகத் தாவிக்கொண்டிருந்தார். அட ஜென்மமே! ஊரை ஏமாற்ற வைத்திருக்கும் வித்தை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்த மனுஷனுக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

முகத்தில் ஈயாடவில்லை. படிக்கவில்லை என்று சொன்னால் கடைக்காரர் எழுந்து போய் ஊர் முழுக்கச் சொல்லுவார். படித்தேன் என்று சொன்னால் பீரோவைத் திறக்க வேண்டும்.

“தெரியும் சார்” என்றார் கடைசியில். “படிச்சேன். படிச்சுட்டுத்தான் போட்டேன். பசங்களுக்கு நிஜ வாழ்க்கையிலேர்ந்து ஒரு பத்தி இருக்கட்டுமேன்னு நான்தான் எழுதச் சொன்னேன். இல்லையாம்மா?”

“பீரோ சார்” என்றேன்.

சாவி இரண்டு தடவை கை நழுவியது. உறை என் கைக்கு வந்ததும் அங்கேயே பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. என் பட்டச் சான்றிதழின் ஓரத்தில் டீக் கோப்பையின் வட்டம் பதிந்திருந்தது. தீ பிடித்தால்கூட ஒன்றும் ஆகாதாம்.

நான் அசந்தது அதற்குப் பிறகுதான். கடைக்காரர் மகளை உள்ளே கூப்பிட்டு, கோடு சாரிடமிருந்து தாளை வாங்கி அவள் கையில் கொடுத்து, “இதுல என்னம்மா சொல்லியிருக்கு?” என்றார்.

அவள் தாளைக்கூடப் பார்க்கவில்லை. “ஒண்ணு பி, ரெண்டு ஏ, மூணு டி, நாலு சி...” என்று மூச்சுவிடாமல் பத்தையும் ஒப்பித்தாள். ஒன்றும் தப்பில்லை.

அப்பாவின் முகம் மெல்ல மலர்ந்தது. “மாசம் ஒண்ணு ஆச்சு, இன்னும் மறக்கலையே!” என்றார் என்னிடம், பெருமையாக. பரீட்சையில் வெறுமையாக இருந்த இரண்டு வரி அவருக்கு மறந்தே போய்விட்டது. கோடு சார் வேட்டையில் ஜெயித்தவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்தார். “ஞாபக சக்தி சார், அதான் நம்ம ஸ்பெஷல்!” சீ, இரண்டு பேரும் நல்ல ஜோடி. இவர்கள் எக்கேடோ கெடட்டும் என்று உறையை அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

படி இறங்கும்போது பின்னால் ஓடிவருகிற சத்தம். அந்தப் பெண்.

“டீச்சர்! நாளைக்கு எந்தப் பத்தி டீச்சர்?”

என் ராஜினாமாவை ஒரு எழுத்துப் பிசகாமல் இப்போதுதான் ஒப்பித்தவள் கேட்கிறாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது, அழுகையும் வந்தது. அவள் கையில் இருந்த தாளைத் தட்டிக் காட்டினேன்.

“நாளைக்குப் பத்தி கிடையாது. இதைப் படி. மேலேர்ந்து கீழ வரைக்கும் படி.”

அவள் திரும்பி மாடியைப் பார்த்தாள். பிறகு யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு, “முழுசாவா டீச்சர்?” என்றாள், பயந்துபோய்.